வந்தாரா, வந்ததா? வேற்றுலக முதற்சந்திப்புக் கதைகளும் தமிழ் இலக்கணமும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் கற்பனைக் கட்டுரை எழுதப் பணிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 'வேற்றுலக உயிர் ஈப்போவுக்கு வந்தால்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் ஊக்கத்தோடு எழுதத் தொடங்குவார். கிந்தா ஆறு, சுண்ணாம்புக் குன்றுகள், விடியற்காலைப் பனி, குன்றடியில் இறங்கும் விண்கலம் எல்லாம் தடையின்றி வந்துவிடும். கலத்தின் கதவு திறக்கும். அந்த இடத்தில் எழுதுகோல் நிற்கும். உள்ளிருந்து இறங்கி வந்தானா, வந்தாளா, வந்தாரா, வந்ததா?

ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதும் மாணவருக்கு அந்த இடத்தில் இத்தடை இல்லை. 'வந்த' செயலைக் குறிக்கும் அம்மொழிகளின் வினைச்சொல், வந்தவர் மாந்தரா, விலங்கா, பொருளா என்று காட்டுவதில்லை. தமிழில் வினைமுற்றை எழுதி முடிப்பதற்குள், வந்திருப்பது உயர்திணையா அஃறிணையா என்ற தீர்ப்பை எழுதுபவர் வழங்கியாக வேண்டும். அந்த உயிரைப் பற்றி எதுவும் தெரியாத நிலையிலேயே வழங்க வேண்டும்.

மாணவரின் இத்தயக்கத்தை மொழிப்பிழையாகவோ தடுமாற்றமாகவோ நான் கருதவில்லை. முதற்சந்திப்புக் கதைகளின் மையச் சிக்கலே அதுதான். இன்றைய உரையில் நான் விளக்க விரும்புவது ஒரு கருத்தை மட்டுமே: வேற்றுலக உயிரோடு மெய்யான சந்திப்பு நிகழ்வது, நாம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டு அதனோடு பேசத் தொடங்கும்போது. நம் இலக்கணத்தின் சொற்களில் கூறினால், படர்க்கை முன்னிலையாக மாறும்போது.

1. திணை என்னும் தீர்ப்பு

தொல்காப்பியர் மக்கள் என்று சுட்டப்படுவோரை உயர்திணை என்றும், அவர் அல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்தார். இங்கே 'சுட்டு' என்ற கருத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கை, கால், முக அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அவர் திணையை வரையறுக்கவில்லை. மக்கள் என்று கருதிச் சுட்டுவதே அடிப்படையாகிறது. பின்வந்த நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். உயர்திணையின் எல்லை ஒருமுறை விரிந்திருக்கிறது என்றால், மீண்டும் விரிவதற்கு இலக்கணத்தில் தடை இல்லை.

இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. நன்னூலார் தன்மைப் பெயர்களையும் முன்னிலைப் பெயர்களையும் இருதிணைக்கும் பொதுப்பெயர்களாக வைத்தார். 'நான்', 'நீ' என்ற சொற்களில் திணை வேறுபாடு தோன்றுவதில்லை. 'அவர்', 'அது' என்று படர்க்கையில் சுட்டும்போதுதான் அது தோன்றுகிறது. நம் பள்ளி மாணவர்கள் எழுதும் தன்கதைக் கட்டுரைகள் இதற்கு எளிய சான்று. 'நான் ஒரு குடை' என்று தொடங்கும் கட்டுரையில் குடை தயக்கமின்றிப் பேசுகிறது. படிப்பவருக்கும் இடர்ப்பாடு எழுவதில்லை. கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும் விளித்துத் தூதுவிட்ட இலக்கிய மரபும் இப்படிப்பட்டதே. விளித்துப் பேசத் தொடங்கிய உடனே திணைச்சுவர் மறைந்துவிடுகிறது.

2. கதைகள் இச்சிக்கலைக் கையாண்ட விதம்

இந்த அளவுகோலைக் கொண்டு உலகப் புகழ்பெற்ற சில அறிவியல் புனைவுகளை அளந்து பார்க்கலாம்.

எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கோளினரின் படையெடுப்புக் கதையில் இரு தரப்பாருக்கும் இடையே உரையாடலே இல்லை. வெண்கொடியோடு அணுகிய மாந்தர்கள் எரிக்கப்படுகிறார்கள். கதை முழுவதும் படர்க்கையிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் வெல்ஸ், வந்தவர்களைப் பழிப்பதற்குமுன் ஐரோப்பியர் தாஸ்மேனியப் பழங்குடியினருக்குச் செய்ததை எண்ணிப் பார்க்குமாறு வாசகரைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டார். வேற்றுலகக் கதைகள் பெரும்பாலும் நம் உலக வரலாற்றின் மாற்றுருவங்கள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

வானியலாளர் கார்ல் சேகன் 1985இல் எழுதிய 'காண்டாக்ட்' நாவலில், வேகா விண்மீனின் திசையிலிருந்து வானொலிக் குறிகள் வருகின்றன. அவை பகா எண்களின் வரிசை. இயற்கையின் இரைச்சல் 2, 3, 5, 7, 11 என்று எண்ணாது. ஆகவே அனுப்பியது அறிவுள்ள உயிர் என்பது உறுதியாகிறது. இது அறிவியல் நோக்கில் ஏற்கத்தக்க தொடக்கம். ஆனால் பகா எண்கள் 'நாங்கள் இருக்கிறோம்' என்பதை மட்டுமே தெரிவிக்கும். 'நீங்கள் யார்?' என்று கேட்க எண்கள் போதா.

1960இல் 'லிங்கோஸ்' என்ற விண்வெளி மொழியை வடிவமைத்த டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் பிராய்டென்தாலும் இதை உணர்ந்திருந்தார். அவர் எண்களிலிருந்து தொடங்கினார். பின்னர்க் காலத்தைக் கற்பித்தார். அதன்பின் இருவர் ஒருவரையொருவர் வினவி விடை பெறும் உரையாடல்களை அமைத்தார். கணிதத்தை நம்பியவரும் வினாவும் விடையும் இன்றி மொழியை முழுமையாக்க இயலவில்லை.

டெட் சியாங் 1998இல் வெளியிட்ட 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' என்ற குறுநாவல், 2016இல் 'அரைவல்' என்ற திரைப்படமாயிற்று. அதன் தலைமைப் பாத்திரம் ஒரு மொழியியல் அறிஞர். ஏழு உறுப்புகள் கொண்ட வேற்றுலகத்தாரின் பேச்சை ஒலிப்பதிவில் மட்டும் கேட்டுக் கற்க இயலாது, அவர்களை நேரில் சந்திக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். பொருள்களைக் காட்டுகிறார், செயல்களை நடித்துக் காட்டுகிறார், அவர்கள் கூறுவதைத் திருப்பிக் கூறித் தம் புரிதலைச் சரிபார்க்கிறார். இடைமொழி இல்லாத களப்பணியில் மொழியியலார் மெய்யாகவே கையாளும் முறை இது. மாயன் மொழிகளை ஆராயும் ஜெசிக்கா கூன் அப்படத்திற்கு ஆலோசனை வழங்கினார். ஒரு மொழியைக் கற்பதனால் காலத்தை உணரும் முறையே மாறிவிடும் என்ற கதையின் பிற்பகுதி, மொழி சிந்தனையை எந்த அளவுக்கு வடிவமைக்கிறது என்ற பழைய விவாதத்தைப் பெரிதும் மிகைப்படுத்துகிறது. முற்பகுதியோ வகுப்பறையில் பாடமாக வைக்கத்தக்கது.

3. மறுமொழி இல்லாத மடல்கள்

கதையை விட்டு நடப்புக்கு வருவோம். 1974 நவம்பர் 16 அன்று, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 இரும இலக்கங்கள் கொண்ட செய்தி எம்13 என்னும் விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்டது. அது அங்கே சென்று சேரவே ஏறத்தாழ 25,000 ஆண்டுகள் ஆகும். மறுமொழி வருவதாயினும் மேலும் அத்தனை ஆண்டுகள் வேண்டும்.

1977இல் ஏவப்பட்ட இரு வாயேஜர் கலங்களும் பொன்முலாம் பூசிய ஒலித்தட்டுகளைச் சுமந்து சென்றன. அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு; தமிழ் இல்லை. இச்செய்தியைக் கேட்டு வருந்தும் மாணவர்கள் பின்னணியையும் அறிய வேண்டும். குறுகிய காலத்தில், பெரும்பாலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு செய்யப்பட்ட பதிவு அது. மொழிகளின் தகுதியை அளந்து செய்த தேர்வாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

நம் ஈப்போ நகரின் கடைத்தெருக்களில் ஒலிக்கும் காண்டோனீஸ் அத்தட்டில் இருக்கிறது. ஹொக்கியன் என்று நாம் வழங்கும் அமோய் மொழியும் இருக்கிறது. அந்த அமோய் வாழ்த்து விண்வெளி நண்பர்களை நலம் விசாரித்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, நேரம் கிடைத்தால் வந்துபோகுமாறு அழைக்கிறது. மலேசியாவில் வாழும் நமக்கு இது உடனே விளங்குகிறது. நாமும் வந்தவரைச் 'சாப்பிட்டீர்களா?' என்றுதான் கேட்கிறோம். அது உணவைப் பற்றிய வினா அன்று, உறவைப் பற்றிய வினா. ஆனால் உண்ணுதல் என்ற செயலையே அறியாத ஓர் உயிர் இதை எங்ஙனம் பொருள்கொள்ளும்? சொற்பொருளைத் தெரிந்துகொண்டாலும் வழக்கின் பொருள் பிடிபடாது.

அதே 1977ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை ஐராவதம் மகாதேவனின் சிந்துவெளி எழுத்துத் தொடரடைவை வெளியிட்டது. அவர் 417 குறியீடுகளை வகைப்படுத்தினார். எழுதியவர்கள் வேற்றுலகத்தார் அல்லர். நம்மைப் போலவே கண்ணும் காதும் பசியும் உடைய மாந்தர். இருந்தும் அவ்வெழுத்து இன்றுவரை அனைவரும் ஏற்கும் வண்ணம் படிக்கப்படவில்லை. அது மொழியைக் குறிக்கும் எழுத்துத்தானா என்பதே சிலரால் வினவப்பட்டது. பொறிப்புகள் சராசரியாக ஐந்து குறியீடுகள் அளவே உள்ளன. எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லைப் போன்ற இருமொழிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. இப்புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாந்தரின் எழுத்தே, எழுதியவரிடம் திருப்பிக் கேட்க வழியில்லாததால், நமக்குப் புதிராக நிற்கிறது. வேற்றுலகிலிருந்து ஒரு குறிப்பு மட்டும் வந்தால் ஒரே இரவில் கணினி அதைப் பெயர்த்துவிடும் என்று காட்டும் கதைகளை நாம் ஐயத்தோடு அணுகுவதே முறை.

4. பொதுமொழி இன்றிச் சந்தித்த பேராக்

திருப்பிக் கேட்க வழியிருந்தால் நிலைமை எவ்வாறு மாறும்? இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. அம்மரத்தைப் பின்தொடர்ந்து தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் வந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள் ஆற்றோரக் கம்பங்களில் வாழ்ந்தார்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் அகராதி கொடுத்துக்கொள்ளவில்லை. அரிசியும் மீனும் துணியும் விற்கும் வாங்கும் தேவை இருந்தது. அத்தேவையிலிருந்து சந்தை மலாய் என்னும் எளிய பொதுப்பேச்சு வலுப்பெற்றது. பொருளைச் சுட்டினார்கள், விரலை மடக்கி விலை கூறினார்கள், தவறாகப் புரிந்துகொண்டால் மறுபடி கேட்டார்கள். நம் பாட்டிமார் பலர் எழுதப் படிக்கத் தெரியாமலேயே அம்மொழியில் கணக்குத் தீர்த்தார்கள். தமிழரின் 'கடை', 'கப்பல்', 'கட்டில்' ஆகியவை இவற்றுக்கு நெடுங்காலம் முன்பே கடல்வணிகத்தின் வழியாக மலாயில் குடியேறியிருந்தன. அதே வழியில் 'கம்போங்' நம் தோட்டத் தமிழில் 'கம்பம்' ஆயிற்று.

ஒரே சூழல், ஒரே பொருள், உடனுக்குடன் மறுமொழி ஆகிய மூன்றும் அமைந்தால் மொழியில்லாத இடத்திலும் மொழி தளிர்க்கும் என்பதற்கு இப்பள்ளத்தாக்கே சான்று.

ஆயினும் எல்லாச் சந்திப்பும் சமநிலையில் நிகழ்ந்ததாகக் கூறிவிட முடியாது. அதே தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார்களும் தமிழ் கற்றார்கள். அவர்களுக்கென்று 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே கைந்நூல் அச்சாயிற்று. பெரட்டுக் களத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தவை வா, போ, எடு, வெட்டு போன்ற ஏவல் வினைகள். ஏவலும் முன்னிலைதான், ஆனால் மறுமொழியை எதிர்பாராத முன்னிலை. 'நீ' என்று அழைக்கப்பட்டவர் திரும்ப 'நீ' என்று அழைக்க முடியாது. தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையினர் இந்த வேறுபாட்டை இலக்கண வகுப்பில் கற்பதற்கு முன்பே காதால் கற்றவர்கள்.

எனவே நாம் முதலில் கூறிய கருத்தைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. முன்னிலைக்கு மாறினால் மட்டும் போதாது. ஏவலோடு நின்றுவிடாமல் வினாவுக்கும் இடமளிக்கும் முன்னிலையாக அது இருக்க வேண்டும். வேற்றுலகத்தார் நம்மினும் ஆற்றல் மிக்கவராக வந்தால், அவர்கள் நம் மொழியில் முதலில் கற்கப்போவது எந்த வினைவடிவத்தை என்பதே நாம் அஞ்ச வேண்டிய கேள்வி. நாம் ஆற்றல் மிக்கவராக இருந்தால், அதே கேள்வி நம்மை நோக்கித் திரும்பும்.

5. புலன்கள் வேறானால்

சந்தையில் சந்தித்தவர்கள் ஒரே வகை உடலுடையவர்கள். புலன்களே வேறாக இருந்தால் என்ன ஆகும்?

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல், மனம் என்று புலன்களைக் கொண்டே படிநிலை அமைத்தார். நம் மொழி பெரிதும் கேள்வியையும் காட்சியையும் நம்பியது. மணத்தைக் குறிக்க நாம் பொதுவாக 'மல்லிகை மணம்', 'மீன் வாடை' என்று அதன் பிறப்பிடத்தைச் சொல்லுகிறோம்.

இதே பேராக் மாநிலத்தின் வடகோடியில், ஹூலு பேராக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழி வேறு வழியில் செல்கிறது. ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மொழியில், மணங்களை வகைப்படுத்தும் தனிச்சொற்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு உள்ளன. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகியவற்றின் நெடியை ஒரே சொல் குறிக்கிறது. நாம் நிறத்திற்குச் சிவப்பு, பச்சை என்று பெயரிடுவதைப் போல அவர்கள் மணத்திற்குப் பெயரிடுகிறார்கள். அசீபா மஜீத், நிக்லஸ் புரன்ஹூல்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஜஹாய் மக்கள் நிறங்களைப் போலவே மணங்களையும் எளிதாகப் பெயரிட்டதையும், ஆங்கிலம் பேசுவோர் மணங்களுக்குப் பெயரிடத் திணறியதையும் காட்டியது.

ஈப்போவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வாழும் மக்களின் மொழியே நமக்கு இத்தனை வியப்பைத் தருகிறது. அவர்களை வெளியார் நெடுங்காலம் இழிசொல்லால் சுட்டிவந்தார்கள்; அவர்கள் மொழியிடம் கற்க ஏதேனும் உண்டா என்று கேட்டவர் மிகச் சிலரே. எறும்புகளைப் போல வேதிப்பொருள்களால் செய்தி பரிமாறும் ஓர் அறிவுயிர் வந்தால், அதன் பேச்சை நாம் பேச்சென்றே அறியாமல் போகலாம். நம் முன்னோரின் 'நாறு' என்னும் வினையே நறுமணத்தைக் குறித்த நிலையிலிருந்து இன்று துர்நாற்றத்தைக் குறிக்க வந்துவிட்டதை நினைத்துப் பாருங்கள். பழைய பாடலில் அச்சொல்லைக் கண்டு முகம் சுளிக்கும் மாணவரைப் போலவே நாம் வேற்றுலக மடலையும் படிக்கக்கூடும்.

6. மறுமொழி மறுக்கும் உரிமை

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோர் வந்த கப்பல்கள் கடந்த வங்கக் கடலில் அந்தமான் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்குள்ள வட சென்டினல் தீவின் மக்கள் வெளியாரை அம்பெய்து விலக்கிவந்தவர்கள். 1991 ஜனவரி 4 அன்று மானிடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழுவினர் படகிலிருந்து தேங்காய்களை மிதக்கவிட்டார்கள். தீவினர் நீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். பின்னர்க் கையிலிருந்தும் பெற்றுக்கொண்டார்கள். எனினும் அவர்கள் மொழி இன்றுவரை வெளியுலகுக்குத் தெரியாது. நோய் பரவும் இடரையும் அவர்கள் விருப்பத்தையும் கருதி இந்திய அரசு பின்னர் இத்தகைய பயணங்களை நிறுத்திக்கொண்டது.

முதற்சந்திப்பின் அறத்தை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. முன்னிலை என்பது இருவர் இசைவால் அமைவது. ஒருவர் விலகி நிற்க விரும்பினால் அதுவும் ஒரு மறுமொழிதான். வேற்றுலகக் குறிகள் கிடைத்தால், உலகளவிலான கலந்தாய்வின்றி மறுமொழி அனுப்பலாகாது என்று 1989இல் அறிவியலார் வகுத்த கோட்பாடும் இந்த எச்சரிக்கையோடு பொருந்துகிறது. அனைவர் சார்பிலும் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பது அங்கே எழும் வினா.

7. வகுப்பறைக்கு

அந்த வினாவையும் தமிழ் நமக்குக் கூர்மையாக்கித் தருகிறது. கேட்பவரை விலக்கினால் 'நாங்கள்', சேர்த்துக்கொண்டால் 'நாம்'. மலாயிலும் 'காமி', 'கீத்தா' என்று இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. விண்வெளிக்குத் தமிழில் ஒரு வாழ்த்து அனுப்புவதாயின், தொடக்கத்தில் 'நாங்கள் பூமியில் வாழ்கிறோம்' என்றுதான் கூற முடியும். 'நாம்' என்று கூறும் நாள் மறுமொழி வந்த பின்னரே வரும்.

ஆசிரியர்கள் இக்கட்டுரைத் தலைப்பை வகுப்பில் கொடுத்தால் ஒரு வேண்டுகோள். 'வந்தது' என்று எழுதிய மாணவரையோ 'வந்தார்' என்று எழுதியவரையோ உடனே திருத்த வேண்டா. அத்திணையை ஏன் தெரிவு செய்தார் என்று கேளுங்கள். பின்னர் அவ்வுயிரை நோக்கி மூன்று வினாக்கள் எழுதச் சொல்லுங்கள். நீ என்பதா, நீங்கள் என்பதா என்று அடுத்த தயக்கம் எழும்; அதையும் அவர்களே பேசித் தீர்க்கட்டும். அதே வகுப்பில், பக்கத்து மேசையில் இன்னும் யாரும் பெயர் கேட்காத புதிய மாணவர் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். அவரிடமிருந்தே தொடங்கலாம்.